பின்னவலயா, உடவளவையா? கொழும்பிலிருந்து யானை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

ரம்புக்கனை ஸ்டேஷன் வாசலில் ஓட்டோவில் ஏறி "பின்னவல" என்றால், வண்டி நேரே அங்குள்ள யானைகள் அநாதை இல்லத்துக்குத்தான் போகும் என்று நம்பிவிடாதீர்கள். "அங்க டிக்கட் விலை கூட. இங்க பக்கத்திலேயே யானையில ஏறலாம், குளிப்பாட்டலாம்" என்று பேச்சுக் கொடுத்து, தனியார் சவாரி இடமொன்றின் வாசலில் இறக்கிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆள் கொண்டுபோனால் கொமிஷன். நாலைந்து கிலோமீற்றர் கூட இல்லாத தூரத்துக்கு அவர்கள் கேட்கிற காசு, கோட்டையிலிருந்து வந்த ரயில் டிக்கட்டை விடப் பல மடங்கு. கனடாச் சித்தப்பா கூட வந்திருந்தால் அது இன்னும் ஏறும். ஏறமுன் விலை பேசுங்கள், வழியில் எங்கும் நிற்பாட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

சவாரி வேண்டவே வேண்டாம். யானையின் முதுகெலும்பில் மேல்நோக்கி நிற்கும் எலும்பு முட்கள் உண்டு. ஆசனமும் ஆட்களும் அழுத்துவது நேரே அவற்றின்மேல். நம்மைப்போல அதற்கு உடம்பெங்கும் வியர்க்காது, சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் இறக்கவேண்டும். நண்பகல் தார் வீதியில் ஆளைச் சுமந்து நடக்கும் யானைக்கு நிழலும் இல்லை, நிற்க விருப்பமான இடமும் இல்லை. 2021 ஓகஸ்டில் வந்த வளர்ப்பு யானை விதிகளின்படி ஒரு தடவைக்கு நாலு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது, மெத்தை வைத்த ஆசனம் வேண்டும். நாளுக்கு இரண்டரை மணிநேரக் குளிப்பும் ஆறு மாதத்துக்கொரு மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். பாகன் வேலை நேரத்தில் குடிக்கக்கூடாது. எழுத்தில் நல்ல விதிகள்தான். ஆனால் மிருகவதைக்கெதிரான 1907ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த உச்ச அபராதம் 100 ரூபா. வெள்ளவத்தையில் ஒரு மரக்கறி ரோல்ஸுக்கே இன்று அது போதுமா தெரியாது.

டிக்கட் எடுக்கமுன் வேலிக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் பாருங்கள், அது போதும். முதலில் கால். நகம் வெடித்திருக்கிறதா, ஒரு காலை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைக்கிறதா? காட்டு யானை மண்ணில் நெடுந்தூரம் நடப்பதால் நகமும் பாதமும் சீராகத் தேயும். சிமெந்துத் தரையில், சொந்தச் சிறுநீர் ஈரத்தில் நிற்கிற யானைக்கு நகம் வளர்ந்து வெடிக்கும், அதற்குள் கிருமி போய்ச் சீழ் பிடிக்கும், முற்றினால் எலும்புவரை போகும். டன் கணக்கான பாரம் அந்தக் காலிலேயே நிற்பதால் புண் ஆறுவதும் அரிது. பிறகு சங்கிலித் தடம்: கணுக்காலைச் சுற்றி மயிரில்லாத வளையம். காதுக்குப் பின்னால் அங்குசம் குத்திய வடு. தலையை இடமும் வலமும் ஓயாமல் ஆட்டிக்கொண்டு நின்றால், "பாட்டுக்கு ஆடுது" என்று பிள்ளைக்குக் காட்டாதீர்கள். நடக்கவும் தேடித் தின்னவும் வழியில்லாமல் கட்டுண்டு நிற்கும் விலங்கின் அறிகுறி அது.

முத்துராஜா நினைவிருக்கும். 2001இல் தாய்லாந்து பரிசாகக் கொடுத்த யானை. விகாரை ஒன்றில் இருந்து, முன்கால் மடக்க முடியாத நிலையில் சிகிச்சைக்காகத் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு வந்தது. 2023 ஜூலை 2ஆம் திகதி கட்டுநாயக்காவிலிருந்து இரும்புக் கூண்டோடு விமானத்தில் தாய்லாந்துக்கே திரும்பிப் போனது. அதே தெஹிவளையில்தான் பல தசாப்தங்களாகப் பின்னேரமானால் யானை நடனம் நடந்தது. நம் பெற்றோர் காலத்துப் பாடசாலைச் சுற்றுலா அதில்லாமல் முடியாது.

சரி, பின்னவல. 1975இல் அநாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கிய இடம், 1984இலிருந்து அங்கேயே குட்டிகள் பிறக்கின்றன. கண்ணிவெடியில் பாதம் இழந்த சாமா போன்ற யானையைக் காட்டில் விட முடியாது, அதை வைத்துப் பராமரிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கேயே பிறந்த நல்ல சுகமான குட்டி எதற்காகக் காட்டை அறியாமல் வளரவேண்டும்? மா ஓயா ஆற்றில் யானைகள் குளிப்பது அழகுதான். அதை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். தனியாகக் காசு கேட்டுப் புட்டிப்பால் கொடுக்க, தும்பிக்கையைப் பிடித்துப் படமெடுக்க யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் உடவளவை. புறக்கோட்டையில் எம்பிலிப்பிட்டிய பஸ், இரத்தினபுரி, பெல்மதுளை வழி. சீற் நெருக்கம், முழங்கால் முன்சீற்றில் இடிக்கும், பெல்மதுளை தாண்டும்வரை வளைவுகள் வயிற்றைப் புரட்டும், ஆனால் மலிவு. 1995இல் தொடங்கிய யானைக் குட்டிகள் இடைத்தங்கல் இல்லத்தில் மூன்று மணிக்கொருமுறை புனலும் குழாயும் வைத்துப் பால் கொடுப்பார்கள். நாம் தூரத்து மேடையில் நின்று பார்க்கலாம், தொட முடியாது. தொட விடாததுதான் அந்த இடத்தின் பெறுமதி: மனிதக் கைக்குப் பழகாத குட்டி, ஐந்து வயதளவில் காட்டுக்குத் திரும்பும். 1998 முதல் நூற்றுக்கும் மேற்பட்டவை போயிருக்கின்றன. உள்ளூர் விலைக்கு அடையாள அட்டை வேண்டும்.

பசிக்கு அந்தப் பக்கத்துச் சட்டித் தயிர். எருமைப்பால் தயிர், கரண்டியால் வெட்டினால் ஓரம் அப்படியே நிற்கும். மேலே கித்துள் பாணி. வெள்ளவத்தைக் கடைகளில் வாங்குகிறோமே, அதற்குத் தயிர் என்று பெயர் வைக்கவே கூடாது. ஒரு சட்டி இரண்டு பேருக்குத் தாராளம், பஸ்ஸில் வாங்கிக்கொண்டு வர நினைத்தால் கட்டாயம் சிந்தும்.

உடவளவையிலிருந்து தணமல்வில போகும் வீதியில் மின்வேலிக்கு அப்பால் காட்டு யானைகள் பழத்துக்காக நிற்கும், இப்பால் பழக்கடைகள். வாகனத்தை நிறுத்தி வாழைப்பழம் வாங்கி எறிகிறவர்களைப் பார்ப்பீர்கள். கூண்டில்லாத சர்க்கஸ் இது. பழத்துக்குப் பழகிய ஆண் யானை ஒருநாள் வேலியை உடைத்து வீதிக்கு வரும், யாரையாவது அடிக்கும், பழி அதன் தலையில் விழும். அந்த இடத்தில் இறங்காதீர்கள், ஜீப் சாரதி நிறுத்தினாலும் போகச் சொல்லுங்கள்.