பட்டாவும் வேண்டும், காடும் வேண்டும்: இரட்டிக்கும் கீபோர்டைச் சரிக்கட்டியது

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிடிபி வேலை செய்கிறேன். பெரும்பாலும் பத்திர வரைவுகள்தான். இந்த மழைக்காலத்தில் என் கீபோர்டில் 'ட' கீ ஒரு தட்டுக்கு இரண்டு தடவை பதிய ஆரம்பித்தது.

ஆங்கிலத்தில் என்றால் கூடுதல் எழுத்து கண்ணில் பட்டுவிடும். நான் அடிக்கும் தமிழ்99 என்ற கீபோர்டு முறையில் ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். அதனால் நான்கெல்லை விவரத்தில் 'காடு' 'காட்டு' ஆனது, 'ஏற்காடு' 'ஏற்காட்டு' ஆனது. எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள், பிழைதிருத்தி ஒன்றையும் பிடிக்காது. சொத்து விவரத்தில் இது விளையாட்டில்லை.

என் கம்ப்யூட்டரில் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ். அதில் பவுன்ஸ் கீஸ் என்ற வசதி இருக்கிறது. ஒரே கீ குறிப்பிட்ட நேரத்துக்குள் மறுபடி பதிந்தால் தள்ளிவிடும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வந்தது என்பதால் முதலில் அதில் இருப்பது 300 மில்லிசெகண்டு. ஆன் செய்ததும் 'காடு' சரியாக வந்தது, ஆனால் 'பட்டா' என்று அடித்தால் 'படா' வந்தது! வேண்டுமென்றே இரட்டித்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

சரி, அளந்து பார்ப்போம் என்று கட்டளை அடிக்கும் டெர்மினலில் ஈவிடெஸ்ட் என்ற சோதனை நிரலை ஓடவிட்டேன். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் விடுகைக்கும் நேரம் காட்டும். கோளாறான இரட்டிப்பு, கீயை விட்ட 20 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடுகிறது. நானே வேகமாக இரண்டு தட்டு தட்டினால் இடைவெளி 70-க்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம் மெனுவில் இல்லாத அமைப்புகளையும் மாற்ற உதவும் டிகான்ஃப் எடிட்டரில், ஜினோமின் (உபுண்டுவின் திரை முகப்பு) கீபோர்டு அணுகல் பகுதிக்குப் போய், பவுன்ஸ்கீஸ்-டிலே என்ற இடத்தில் 40 கொடுத்தேன். காடும் வந்தது, பட்டாவும் வந்தது. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி.

விண்டோஸில் இதற்கு ஃபில்டர் கீஸ் என்று பெயர். அதன் மெனுவில் கிடைக்கும் குறைந்த அளவே அரை செகண்டு, தமிழ்99-ல் அடிப்பவருக்கு உதவாது. விண்டோஸின் அமைப்புகள் எல்லாம் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பவுன்ஸ்டைம் மதிப்பை மில்லிசெகண்டில் மாற்றலாம். மவுஸ் பட்டன் இப்படித் துடித்தால் லினக்ஸில் மவுஸ், கீபோர்டு உள்ளீட்டைக் கவனிக்கும் லிபின்புட்டே ஓரளவு வடிகட்டிவிடும்.

கீக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச் தேயத் தேய கோளாறான இரட்டிப்பின் அந்த 20 மில்லிசெகண்டு கூடிக்கொண்டே போகலாம். 70-ஐ நெருங்கிவிட்டால் எந்த எண்ணைக் கொடுத்தும் பிரிக்க முடியாது, பழைய ஸ்விட்சைப் பிடுங்கிவிட்டுப் புதிதை சால்டர் செய்தாக வேண்டும்.