மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு ஸ்பீடுயினோ ஈசியு: வயரிங் முதல் மேப் வரை

வண்டி 1990–93 காலத்து மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர், 4 சிலிண்டர், கம்ப்ரஷன் 9.4, டர்போ கிடையாது. கம்பெனி ஈசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மேப்பை, அதாவது எந்த வேகத்தில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்ற அட்டவணையை, மாற்ற வழியில்லை. எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். கையால் சாலிடர் செய்து ஈசியு கட்டும் பழக்கத்தை 2001-இல் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ இருவரின் மெகாஸ்குவர்ட் பரப்பியது. அதே வழியில் இன்னும் மலிவாக வந்தது ஆஸ்திரேலியாவின் ஜாஷ் ஸ்டூவர்ட் தொடங்கிய ஸ்பீடுயினோ. மூளை ஆர்டுயினோ மெகா 2560 என்ற சிறு கணினி போர்டு; மேலே இன்ஜெக்டரையும் (பெட்ரோல் தெளிக்கும் வால்வு) இக்னீஷனையும் இயக்கும் சர்க்யூட் உள்ள ஒரு போர்டு. ஃபர்ம்வேர் (போர்டில் ஓடும் மென்பொருள்), சர்க்யூட் இரண்டும் திறந்த மூலம்.

செலவில் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். மெகா போர்டு நகல் வகையாக இருந்தாலும் ஓடும். அதில் பெரும்பாலும் சிஎச்340 யுஎஸ்பி சிப் இருக்கும். அதற்கான டிரைவர் மென்பொருளைப் போடாவிட்டால் லேப்டாப் போர்டையே கண்டுகொள்ளாது. புகையை வைத்து காற்று-பெட்ரோல் விகிதத்தை எண்ணாகச் சொல்லும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பட்டியலிலேயே விலை கூடிய பொருள் அதுவாகத்தான் இருக்கும். பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரோடு வரும் கண்ட்ரோலர் ஒன்று போதும். காரில் ஏற்கெனவே உள்ள நேரோபேண்ட் சென்சார் அந்த விகிதம் 14.7-க்கு (ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்று) மேலா கீழா என்பதை மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதை நம்பி ஃபுல் லோடு டியூன் செய்வது இன்ஜினைப் பணயம் வைப்பது.

வயரிங்

பழைய ஈசியுவின் 48 பின் கனெக்டரிலிருந்து கிளை எடுத்து ஒரு அடாப்டர் ஹார்னஸ் கட்டினோம். வண்டி வயரை வெட்டவில்லை. எப்போது வேண்டுமானாலும் பழைய பெட்டியை மாட்டி ஓட்டிவிடலாம். இன்ஜெக்டர்கள் ஹை இம்பீடன்ஸ் (மின்தடை கூடிய) வகை, இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்தவை. அதனால் இரண்டு சானல் போதும், ரெசிஸ்டர் பேக் தேவையில்லை. இக்னீஷனும் வேஸ்டட் ஸ்பார்க், அதாவது இரண்டு சிலிண்டருக்கு ஒரே காயில் சேர்ந்து பொறி தருவது. காயிலை ஓட்டும் தனி இக்னைட்டர் வெளியே இருக்கிறது. அதற்கு 5 வோல்ட் சிக்னல்தான் போக வேண்டும். போர்டிலுள்ள 5/12 வோல்ட் ஜம்பரை பேட்டரி கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பலர் இங்கே மாட்டிக்கொள்வது ஃப்யூவல் பம்பில். 1.6 வண்டியில் பம்ப் ரிலேயை எர்த் செய்வது ஈசியு அல்ல, ஏர் ஃப்ளோ மீட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் (மேலே சொன்ன அட்டவணை மேப் வேறு) வந்துவிட்டது என்று அந்த மீட்டரைக் கழற்றினால் பம்பும் சேர்ந்து நின்றுவிடும். ஸ்பீடுயினோவின் பம்ப் அவுட்புட்டை டயக்னாஸ்டிக் பெட்டியில் எஃப்/பி என்று போட்டிருக்கும் முனைக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரும் அதே மீட்டரோடு போய்விடும். பதிலுக்கு ஜிஎம் திறந்த முனை சென்சாரை ஏர் ஃபில்டருக்குப் பின்னால் குழாயில் வைத்தோம். மெட்டல் மேனிஃபோல்டில் வைத்தால் வண்டி சூடாக நிற்கும்போது காற்றை விட்டு உலோகத்தின் சூட்டைப் படித்து, பெட்ரோலைத் தப்பாகக் குறைக்கும்.

மேனுவல் கியர் வண்டியின் திராட்டிலில் இருப்பது ஐடில், ஃபுல் என்று இரண்டு நிலை மட்டும் சொல்லும் சுவிட்ச். பொட்டென்ஷியோமீட்டர் வகை மாற்றும் வரை ஆக்ஸிலரேஷன் என்ரிச்மென்ட்டை (திராட்டிலைத் திறக்கும்போது தரும் கூடுதல் பெட்ரோல்) மேப் சென்சாரின் ஏற்ற வேகத்தைக் கொண்டே ஓட்டலாம். கொஞ்சம் மந்தம்தான், ஆனால் ஓடும்.

எர்த் விஷயத்தில் பிடிவாதம் தேவை. சென்சார் எர்த் எல்லாம் போர்டுக்கே திரும்ப வேண்டும். போர்டின் பவர் எர்த் நேராக இன்ஜின் பிளாக்குக்குப் போக வேண்டும். வைட்பேண்ட் ஹீட்டர் எர்த் அதற்கும் தனி, ஏனென்றால் ஹீட்டர் இழுக்கும் கரண்டில் அந்த வயரின் எர்த் மட்டமே ஏறி இறங்கும். ஏஇஎம் எக்ஸ் சீரிஸ் என்ற வைட்பேண்ட் கேஜின் கணக்கு இது: வோல்ட்டை 2.375-ஆல் பெருக்கி 7.3125 கூட்டினால் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்). 0.1 வோல்ட் நழுவினாலே ஏறக்குறைய 0.24 ஏஎஃப்ஆர் பொய் வரும். கேஜ் காட்டும் எண்ணும் லேப்டாப்பில் டியூனர்ஸ்டுடியோ மென்பொருள் காட்டும் எண்ணும் ஒத்துப்போகும் வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

செல்ஃப் அடிக்கும் முன்

ஸ்பீடிலோடர் என்ற மென்பொருள் கொண்டு ஃபர்ம்வேர், ஐஎன்ஐ ஃபைல் (எந்த எண் எங்கே இருக்கிறது என்று டியூனர்ஸ்டுடியோவுக்குச் சொல்வது), அடிப்படை டியூன் மூன்றையும் ஒரே பதிப்பில் எடுத்தோம். ஃபர்ம்வேர் ஒரு பதிப்பு, ஐஎன்ஐ வேறு பதிப்பு என்றானால் எண்கள் இடம் மாறி உட்காரும்.

சாவியை மட்டும் ஆன் செய்து, இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது ஒவ்வொரு சென்சாரையும் பார்த்தோம். மேப் சென்சார் எம்பிஎக்ஸ்4250ஏபி. கடல்மட்டத்தில் 100–101 கேபிஏ (கிலோபாஸ்கல்) காட்ட வேண்டும், 2000 மீட்டர் உயரத்தில் 80-ஐ ஒட்டி. இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட், காற்று இரண்டு சென்சாரும் ஒரே வெப்பம் சொல்ல வேண்டும். ஜிஎம் சென்சாருக்கு –40 டிகிரியில் 100700 ஓம், 30-இல் 2238, 99-இல் 177. போர்டின் பயாஸ் ரெசிஸ்டர் 2490 ஓம். மாஸ்டாவின் கூலன்ட் சென்சாரைக் கழற்றி ஐஸ் தண்ணீர், அறை வெப்பம், கொதிநீர் மூன்றிலும் மல்டிமீட்டரால் அளந்து அந்த எண்களையே போட்டோம். 20 டிகிரியில் சுமார் 2.4 கிலோ ஓம், 80-இல் 0.3 கிலோ ஓம் பக்கத்தில் வந்தால் சென்சார் நல்ல நிலையில் இருக்கிறது.

மேப் ஹோஸை திராட்டிலுக்குப் பின்னால் பிளினத்தில் (காற்று சேரும் அறை) தனித் துளையிலிருந்து எடுக்க வேண்டும். பிரேக் பூஸ்டர் லைனில் டீ போட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்ரோல் ஆடும்.

இன்ஜின் எந்த நிலையில் சுழல்கிறது என்று படிக்கும் டிரிக்கர் டீகோடர் பட்டியலில் 4ஜி63/மியாட்டா/3000ஜிடி என்பதுதான் இந்த வண்டிக்குரியது. சிலிண்டர் ஹெட்டின் பின்னால் உள்ள கேம் ஆங்கிள் சென்சார் இரண்டு சிக்னல் தரும். இரண்டுக்கும் 5 வோல்ட் புல்-அப் (சிக்னல் வயரை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) வேண்டும். பழைய ஈசியு உள்ளேயே அதைக் கொடுத்துவந்தது. புல்-அப் ஜம்பர் போடாமல் செல்ஃப் அடித்தால் ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நிற்கும், சென்சார் போய்விட்டது என்று தோன்றும்.

இக்னீஷன் அவுட்புட் அமைப்பு பெரும்பாலான வண்டிகளுக்கு 'கோயிங் லோ' (சிக்னல் இறங்கும்போது பொறி). தலைகீழாக வைத்தால் காயில் எப்போதும் சார்ஜிலேயே நின்று, சில நிமிடங்களில் இக்னைட்டரோ காயிலோ வெந்துவிடும். டுவெல் (காயில் சார்ஜ் ஆகும் நேரம்) 3 மில்லி செகண்டில் தொடங்கலாம். ஃபுல் லோடில் மிஸ்ஸிங் வந்தால் சிறிது சிறிதாகக் கூட்டி, காயில் சூட்டைத் தொட்டுப் பார்க்கவும்.

டைமிங்

இன்ஜெக்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டைமிங்கை (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்பு பொறி என்பது) 10 டிகிரியில் ஃபிக்ஸ் செய்து, செல்ஃப் அடித்து டைமிங் லைட் பிடித்தோம். கிராங்க் புல்லி குறி 10-இல் நிற்கும் வரை டிரிக்கர் ஆங்கிளை மாற்ற வேண்டும். டயல் உள்ள டைமிங் லைட்டை பூஜ்யத்தில் வைத்தே பார்க்கவும். வேஸ்டட் ஸ்பார்க்கில் ஒரு சுழற்சிக்கு (கிராங்க் இரண்டு சுற்று) இரண்டு பொறி வருவதால் டயல் கணக்கு பிசகும். வண்டி ஓடத் தொடங்கிய பின் 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி மறுபடி பார்க்க வேண்டும். குறி நகர்ந்தால் டிரிக்கர் எட்ஜ் (சிக்னல் ஏறும்போது படிப்பதா, இறங்கும்போதா என்ற அமைப்பு) தப்பு.

இதை முடிக்காமல் ஃப்யூவல் மேப்பில் கை வைப்பது வீண். திரையில் 25 டிகிரி, இன்ஜினில் 33 டிகிரி என்று ஓடினால் ஏஎஃப்ஆர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிஸ்டன் தாங்காது. இந்த 1.6-இல் நாக் சென்சாரும் (கலவை தானாக வெடிக்கும் தட்டலைப் பிடிப்பது) கிடையாது, எச்சரிக்க யாருமில்லை.

பெட்ரோல் கணக்கு

ஒரு சிலிண்டர் சுமார் 400 சிசி. அதில் நிறையும் காற்று ஏறக்குறைய 0.48 கிராம், 14.7-ஆல் வகுத்தால் பெட்ரோல் 0.0326 கிராம். நிமிடத்துக்கு சுமார் 212 சிசி ஊற்றும் இன்ஜெக்டருக்கு அது 12.5 மில்லி செகண்ட். இதுதான் ரிக்வயர்டு ஃப்யூவல். இதை விஇ (சிலிண்டர் உண்மையில் எவ்வளவு காற்றால் நிறைகிறது என்பது) சதவீதத்தாலும் மேப் அழுத்தத்தாலும் பெருக்கி, வார்ம்-அப் போன்ற திருத்தங்களைச் சேர்த்து, இறுதியில் இன்ஜெக்டர் டெட் டைமை (வோல்ட் கொடுத்தும் அது திறக்கும் வரை வீணாகும் நேரம்) கூட்டினால், இன்ஜெக்டருக்குக் கொடுக்கும் பல்ஸின் நீளம் கிடைக்கும்.

அந்த டெட் டைமைத்தான் எல்லோரும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். சுழற்சிக்கு இரண்டு தெளிப்பு வைத்திருக்கிறோம். ஐடிலில் விஇ 45, மேப் 35 என்றால் ஒரு தெளிப்புக்கு வெறும் 1 மில்லி செகண்ட் பெட்ரோல். டெட் டைமும் ஏறக்குறைய அதே 1 மில்லி செகண்ட். அதில் 0.1 தப்பினால் ஐடிலில் 10 சதவீதம் பிசகும். ஃபுல் லோடில் ஒரு தெளிப்பு 5 மில்லி செகண்டுக்கு மேல் போவதால் அதே பிசகு 2 சதவீதம்தான். ஐடிலை விஇ எண்ணால் சரிக்கட்டிக்கொண்டே இருந்தால் விஇ அட்டவணையின் அந்த மூலை மட்டும் பள்ளமாகிவிடும். சோதனை எளிது: ஐடிலில் ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், ப்ளோயர் மூன்றையும் போடவும். வோல்ட் இறங்கும்போது ஏஎஃப்ஆர் கூடவே நகர்ந்தால் டெட் டைமின் வோல்ட்டேஜ் வளைகோட்டைத் திருத்த வேண்டும், விஇ அட்டவணையை அல்ல.

7000 ஆர்பிஎம்மில் ஒரு சுழற்சிக்கு 17.1 மில்லி செகண்ட்தான் நேரம். ஃபுல் லோடில் இந்த இன்ஜெக்டர் அதில் முக்கால் பங்குக்கு மேல் திறந்தே இருக்கும். பின்னால் டர்போ யோசனை இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளவும்.

சாலையில்

ஒருவர் ஓட்ட வேண்டும், லேப்டாப் இன்னொருவர் மடியில். ஆக்சிஜன் கரெக்‌ஷனை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது தானாகத் திருத்தி மூடி மறைத்த எண்ணையே அளந்துகொண்டிருப்போம். வண்டி நன்றாகச் சூடான பின், ஒரே கியரில், அட்டவணையின் ஒரே கட்டத்தில் சில விநாடி நிறுத்திப் பிடித்து, பழைய விஇ எண்ணைக் காட்டிய ஏஎஃப்ஆரால் பெருக்கி இலக்கால் வகுக்க வேண்டும். விஇ 62, இலக்கு 13.0, காட்டியது 14.1 என்றால் புது எண் 67. டியூனர்ஸ்டுடியோவின் கட்டணப் பதிப்பில் உள்ள விஇ அனலைஸ் லைவ் இதையே தானாகச் செய்யும். நேரம் மிச்சமாகும். ஆனால் முதல் சுற்றைக் கையால் போட்டவருக்குத்தான் அது எங்கே தப்பாக எழுதுகிறது என்று தெரியும்.

இலக்கை லாம்டாவில் (உள்ள விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்தது) வைப்பது நல்லது: நிதான ஓட்டத்தில் 1.0, ஃபுல் லோடில் 0.87 முதல் 0.88. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு சரியான கலவை 13.5 பக்கம் இறங்கிவிடும், ஆனால் கேஜ் லாம்டா 1-ஐ 14.7 என்றே காட்டும். லாம்டாவில் யோசித்தால் இந்தக் குழப்பமே இல்லை.

ஸ்பார்க் மேப்பில் 100 கேபிஏ வரிசையில் 1000 ஆர்பிஎம்முக்கு 10, 3000-க்கு 20, 6000-க்கு 26 டிகிரி. 40–50 கேபிஏ ஓட்டத்தில் 32 பக்கம். இதற்கு மேல் சாலையில் ஏற்ற வேண்டாம். டார்க் (முறுக்குவிசை) கூடுகிறதா என்று அதை அளக்கும் டைனோ இல்லாமல் தெரியாது; நாக்கிங் மட்டும் தெரியும், அதுவும் தாமதமாக.

மீதி இருப்பது குளிர் ஸ்டார்ட்டும் ஐடில் வால்வும். குளிர் ஸ்டார்ட்டுக்கு ஒரு நாளில் ஒரே வாய்ப்புதான், இன்ஜின் முழுக்க ஆறிய பின் அடிக்கும் முதல் செல்ஃப். 20 டிகிரியில் வார்ம்-அப் 120 சதவீதம், 70-ஐத் தாண்டினால் 100. ஸ்டார்ட் ஆனவுடன் கூடுதலாக (ஆஃப்டர்ஸ்டார்ட்) 25 சதவீதம், 10–15 விநாடிக்கு. இப்போதைக்கு இந்த எண்கள் போட்டிருக்கிறது. பிடித்த பின் சுருதி குறைந்து அணைந்தால் ஆஃப்டர்ஸ்டார்ட்டைக் கூட்ட வேண்டும். பிடிக்கவே மறுத்து சைலன்சரில் பெட்ரோல் வாடை வந்தால் கிராங்கிங் பல்ஸைக் குறைக்க வேண்டும். ஒரு ஸ்டார்ட்டுக்கு ஒரே எண்ணைத்தான் மாற்றுகிறோம். ஐடில் வால்வு ஓபன் லூப்பிலேயே (ஆர்பிஎம்மைப் பார்த்துத் தன்னைத் திருத்தாமல்) இருக்கிறது. குளிர் ஸ்டார்ட் எண்கள் நிலைத்த பிறகுதான் குளோஸ்டு லூப்.