தமிழ்ப் பேர் வைச்ச ஃபைலும் கிட் டூலும்: ஒரு பக் திருத்தின கதை

நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து யாழ்ப்பாணத்து ஊர்களின்ர பழைய கதையள், குளம் கோயில் விபரமெல்லாம் டைப் பண்ணி ஒரு கிட் ரெப்போவில (ஃபைலில செய்யிற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற மென்பொருள்தான் கிட், அதின்ர சேமிப்பிடம் ரெப்போ) போட்டு வாறம், ஊருக்கு ஒரு ஃபைல், பேரும் தமிழிலதான், கோப்பாய், கொக்குவில், வல்வெட்டித்துறை எண்டு. டெர்மினல் (கட்டளை டைப் பண்ணுற திரை) எண்டாலே ஓடுற ஆக்களும் எங்களுக்குள்ள இருக்கினம், அதால கிட்டுக்கு மேல ஓடுற ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் டூலைப் போட்டுக் குடுத்தம், பைத்தன் எண்ட ப்ரோகிராமிங் மொழியில எழுதினது. அதில மாத்தின ஃபைல் லிஸ்ட்டைப் பார்த்தா ஒரு ஊர்ப்பேரும் இல்லை. தலையில கீறு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள்ள 'ஆர்' அடையாளமும் திரும்பத் திரும்ப வரிசைக்கு நிக்குது, கிளிக் பண்ணினா அப்பிடி ஒரு ஃபைலே இல்லையாம்.

அந்த 'ஏ'தான் ஆளைக் காட்டிக் குடுத்தது. எழுத்துகளை பைட்டா சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில தமிழின்ர ஒவ்வொரு குறியீடும் (எழுத்தோ, அதில ஒட்டுற புள்ளி, கால் மாதிரி அடையாளமோ) 3 பைட், முதல் பைட் எல்லாத்துக்கும் ஒண்டுதான், ஒக்டலில (எட்டின் அடி எண் முறையில) 340. மாறின ஃபைலைக் காட்டுற 'கிட் ஸ்டேட்டஸ்' கட்டளை சும்மா விட்டால் ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்து, இலக்கம் உள்ள பழைய பட்டியல்) வெளியில உள்ள பைட் எல்லாத்தையும் ஒக்டல் இலக்கமாக்கி மேற்கோளுக்குள்ள போட்டுத்தான் தரும், 'யா' எண்டால் \340\256\257\340\256\276. 'யாழ்ப்பாணம்' முழுசா 33 பைட், அப்பிடி எழுதினா 132 கரக்டர் நீளம்! டூல் என்ன செய்யுதெண்டால் 340ஐ ஒரு எழுத்தாக்குது (அந்த 'ஏ'), 256ஐ இன்னொரு எழுத்தாக்குது (அந்த 'ஆர்'), பிறகு ஒட்டுது. பைட்டாவே சேர்த்து வைச்சு கடைசியில ஒருக்கா டிகோட் பண்ண (எழுத்தா மாத்த) வேண்டிய இடம் அது.

கேட்ட ஆக்கள் எல்லாரும் சொன்னது கிட்டின்ர 'கோர் டொட் குவோட்பாத்' (core.quotePath) எண்ட செட்டிங்கை ஃபோல்ஸ் ஆக்கு, சரிவரும் எண்டு. சரிதான், தமிழ் வடிவா வரும். ஆனா அது பக்கை மூடி வைக்கிற வேலை பாருங்கோ, பேருக்குள்ள ஒரு இரட்டை மேற்கோளோ பாக்ஸ்லாஷோ வந்தா கிட் திருப்பியும் குவோட் பண்ணும், அதோட ஒவ்வொருத்தற்ற மெஷினிலயும் போய் செட்டிங் மாத்த ஆரால ஏலும்? டூலைப் பராமரிக்கிறவரும் இதையேதான் கேட்டார், நான் மேற்கோள் போட்ட பேரில ஒரு ஃபைல் செய்து டெஸ்ட்டா அனுப்பினன், பிறகு அவர் அந்தக் கதையை விட்டிட்டார்.

உண்மையான வழி, குவோட்டைக் கழட்டுற கோட் துண்டையே தூக்கிறது. போர்சலின் அவுட்புட்டை (மற்ற ப்ரோகிராம் வாசிக்கவெண்டு கிட் தாற வடிவம்) 'மைனஸ் இசட்' (-z) போட்டு எடுத்தா கிட் குவோட்டே பண்ணாது, பேருக்கும் பேருக்கும் இடையில ஒரு 'நல்' (NUL) பைட், அதாவது பூச்சியம் எண்ட பைட் மட்டும். நாப்பது வரி அளவு கோட் போய் ஏழெட்டு வரி வந்திச்சு, எனக்கு அதுதான் சரியான சந்தோசம். ஒரு பொறி மட்டும் இருக்கு: பேர் மாத்தின ஃபைலுக்கு சும்மா அவுட்புட்டில பழைய பேர், அம்புக்குறி, புதுப் பேர் எண்டு வரும், இசட்டில அம்பும் இல்லை, வரிசையும் தலைகீழ், புதுப் பேர்தான் முன்னுக்கு. மனுவலில வடிவா எழுதிக் கிடக்கு, ஆனா ஆர் அதுவரைக்கும் வாசிக்கினம்.

பராமரிக்கிறவர் கேட்ட மற்றக் கேள்வி நல்ல கேள்வி, யூடிஎஃப்-8 இல்லாத பேர் வந்தா? கிட்டுக்குப் பேர் எண்டது வெறும் பைட்தான், லினக்ஸிலயும் அப்பிடித்தான், அதால பைத்தனின்ர சரகேட்-எஸ்கேப் (வாசிக்க முடியாத பைட்டை அடையாளம் போட்டு அப்பிடியே வைக்கிற) முறையில டிகோட் பண்ணினன், உடையாது, திருப்பி அதே பைட்டா எடுக்கலாம்.

இவ்வளவும் முடிய அடுத்தது வந்து நிக்குது. பேர் நீளமெண்டால் டூல் 10 குறியீட்டோட வெட்டும், வல்வெட்டித்துறை 'வல்வெட்டித' எண்டு நிக்கும், 'த்'துக்குப் புள்ளி போச்சு. பைத்தனின்ர சொந்த ரெஜெக்ஸுக்கு (எழுத்து வடிவம் தேடுற வசதி) தமிழ் எழுத்தை முழுசா பிடிக்கத் தெரியாது, வெளியில இருந்து ஒரு லைப்ரரி போட வேண்டியிருந்தது, அதுக்கு அவர் கொஞ்சம் முகம் சுளிச்சவர்தான், இருந்தாலும் மேர்ஜ் பண்ணிட்டார் (என்ர கோட்டை டூலில சேர்த்திட்டார்). இப்ப அந்த ப்ரொஜெக்ட்டின்ர டெஸ்ட் ஃபோல்டரில வல்வெட்டித்துறை இருக்கு.

மிச்சம் இருக்கிறது கோப்பாய். 'ோ' ஒரு குறியீடாவும் வரலாம், 'ே'யும் 'ா'வுமா ரெண்டாவும் வரலாம், கண்ணுக்கு ஒண்டு, கிட்டுக்கு ரெண்டு வேற ஃபைல். பழைய ஆப்பிள் மக் கம்ப்யூட்டர் ஒண்டில இருந்து சிப் (zip) பண்ணி அனுப்பினதில அப்பிடி ஒரு இரட்டைக் கோப்பாய் வந்து கிடக்கு, இப்போதைக்கு கையாலதான் அழிக்கிறம், அதுக்குத் திருத்தக் கோட் (பேட்ச்) இன்னும் எழுதேல்லை.