ஆறு பேர் சாப்பாடும் பஞ்ச்ஷீர் பனியும்

வங்காள எழுத்தாளர் சையது முஜ்தபா அலியின் 'தேஷே பிதேஷே' நூலை, நஸேஸ் அஃப்ரோஸ் 2015இல் கொண்டுவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் நான் படித்தேன். 1927இல் ஆசிரியப் பணிக்காகக் காபூலுக்குப் போன இளைஞரான அவர், அங்கே கண்டதையும் கேட்டதையும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மனத்திலேயே வைத்திருந்து, 1948இல் 'தேஷ்' என்ற வங்காள இதழில் தொடராக எழுதிய நூல் அது. ஆப்கானிஸ்தான் அரசர் அமானுல்லாவின் சீர்திருத்தங்களையும், அவற்றுக்கு எதிராக மூண்ட கிளர்ச்சியையும், 1929 ஜனவரியில் கிளர்ச்சித் தலைவர் பச்சா-எ-சக்காவ் காபூலைக் கைப்பற்றியதையும் நேரில் கண்டவர் என்பதால் வரலாற்று மாணவர்கள் அந்நூலை மதிக்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியவரோ அவருடைய பணியாளர் அப்துர் ரஹ்மான்.

காபூலுக்கு வடக்கே உள்ள பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த, ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள அவர், முதல் நாள் இரவு ஒரே ஒருவருக்காக ஆறு பேர் சாப்பிடும் அளவுக்குச் சமைத்துக் கொண்டுவந்து வைக்கிறார். முஜ்தபா அலி திகைத்துப்போய் நிற்க, போதாது என்று எண்ணிவிட்டாரோ என நினைத்து, அடுக்களையில் இன்னும் இருக்கிறது என்று ஆறுதல் சொல்கிறார். பிறகு தன் ஊர்ப் பனியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். சன்னலோரம் உட்கார்ந்து பனி பெய்வதை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றும், பனி ஓய்ந்தபின் அந்தக் காற்றில் நடந்துவிட்டு வந்தால் ஒரு முழு ஆட்டையே தின்றுவிடலாம் போலப் பசிக்கும் என்றும் அவர் சொல்லும் அந்தப் பக்கங்களை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எழுத்தாளர் பாரசீகம் அறிந்திராவிட்டால் அப்துர் ரஹ்மான் வெறும் உயரமான சமையற்காரராக ஒரு வரியில் முடிந்திருப்பார்.

முஜ்தபா அலிக்குப் பதினைந்து மொழிகள் தெரியும் என்று சொல்வது வழக்கம். எனக்கு அந்த எண்ணிக்கையைவிட, அம்மொழிகளை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே முக்கியமாகத் தோன்றுகிறது. எதிரே இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்பதற்கே அவர் அவற்றைப் பயன்படுத்தினார்.

இன்று அசாமில் உள்ள கரீம்கஞ்சில் 1904இல் பிறந்தவர் அவர். 1919இல், இன்று வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட்டுக்கு வந்த ரவீந்திரநாத் தாகூர் மாணவர்களிடையே ஆற்றிய உரையைக் கேட்டுவிட்டு, நாட்டத்தை உயர்த்திக்கொள்ள ஒருவன் என்ன செய்ய வேண்டும் என்று கவிஞருக்கே கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. 1921இல் சாந்திநிகேதன் சென்று, தாகூர் நிறுவிய விஸ்வபாரதியின் தொடக்க கால மாணவர்களுள் ஒருவரானார். அங்கே பெற்ற பட்டத்துக்கு அரசு அங்கீகாரம் இல்லை என்று காபூலில் சக ஆசிரியர்கள் சிலர் குறை கூறியபோது, ஆளுநர்கள் கையெழுத்திட்ட சான்றிதழ்கள் எத்தனையோ உண்டு, இவருடையதில் தாகூரின் கையெழுத்து இருக்கிறது என்ற பொருளில் அங்கிருந்த அமைச்சர் விடையளித்ததாக நூலில் வருகிறது.

பின்னர் ஜெர்மனி சென்று, கோஜாக்கள் என்ற இஸ்லாமியப் பிரிவினரின் தோற்றத்தையும் சமய வாழ்வையும் ஆராய்ந்து பான் பல்கலைக்கழகத்தில் 1932இல் முனைவர் பட்டம் பெற்றார். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் படித்தார். மன்னர் சாயாஜிராவின் அழைப்பை ஏற்றுப் பரோடாவில் பேராசிரியராக இருந்தார்.

இத்தனை நாடுகளும் மொழிகளும் கண்டவருக்குத் தாய்மொழிதான் வேலையைப் பறித்தது. பிரிவினை நடந்து சில மாதங்களே ஆகியிருந்த 1947 நவம்பரில், கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசத்தின்) அரசு மொழி வங்காளமாகவே இருக்க வேண்டும் என்று சில்ஹெட் கூட்டமொன்றில் எதிர்ப்புக்கிடையே வாதிட்டார். உருதுவைத் திணித்தால் மக்கள் கிளர்ந்தெழுவார்கள், கிழக்குப் பகுதி பிரிந்தே போகும் என்பது அவருடைய எச்சரிக்கை. 1949இல் பொக்ரா கல்லூரியின் முதல்வராக இருந்தபோது அதே கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டதற்கு அரசு விளக்கம் கேட்க, அவர் பதவியைத் துறந்து இந்தியாவுக்கு வந்துவிட்டார். டாக்காவில் வங்காள மொழிக்காகப் போராடிய மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 1952 பிப்ரவரி 21 அப்போது மூன்றாண்டு தொலைவில் இருந்தது.

அவருடைய நகைச்சுவையைப் பலரும் புகழ்வார்கள்; அதன் அடியில் இருக்கும் கோபத்தைக் காண 'பாதடீகா' என்ற சிறுகதை போதும். பள்ளியைப் பார்வையிட வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மூன்றுகால் நாய்க்கு மாதம் 75 ரூபாய் செலவாகிறது என்பதை அறிந்த சமஸ்கிருதப் பண்டிதர், எட்டுப் பேர் கொண்ட தம் குடும்பம் 25 ரூபாயில் வாழ்கிறது, அப்படியானால் அது அந்த நாயின் எத்தனை கால்களுக்குச் சமம் என்று மாணவனைக் கணக்குப் போடச் சொல்கிறார். வகுப்பில் எவராலும் வாய் திறக்க முடியவில்லை. தலைப்பின் பொருள் அடிக்குறிப்பு. வங்காளத்தில் உள்ள சிலேடை, 'அடி' என்ற சொல்லால் தமிழிலும் அப்படியே வந்து அமர்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

காபூலை விட்டு விமானம் ஏறும் இறுதிப் பக்கத்தில், வழியனுப்ப வந்த அப்துர் ரஹ்மானின் தலைப்பாகை பல நாள் சோப்புக் காணாமல் அழுக்கேறியிருக்கிறது. ஆயினும் சுற்றியுள்ள பனியைவிட அதுவே வெண்மையாகவும், அவருடைய உள்ளம் அதனினும் வெண்மையாகவும் எழுத்தாளருக்குத் தோன்றுகின்றன.

இந்தியாவில் வாழ்ந்த நெடுங்காலமும் முஜ்தபா அலியின் மனைவியும் மகன்களும் எல்லைக்கு அப்பாலேயே இருந்தார்கள். வங்கதேசம் பிறந்தபின் அவர் டாக்காவுக்குச் சென்று அவர்களோடு சேர்ந்தார். 1974 பிப்ரவரி 11 அன்று அங்கேயே காலமானார்.