இரண்டு வெள்ளி ரோடு டாக்ஸுக்கு இரண்டு முறை லோரி ஏறிய கப்சாய்

அப்பாவின் ஹோண்டா சி70 நான்கு வருடமாக வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. 1983-இல் பதிவான வண்டி, 72 சிசி, ஆறு வோல்ட் பேட்டரி, மூன்று கியர். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் இதற்குக் கப்சாய் என்றுதான் பெயர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, இதில்தான் போவார். திரும்பும்போது பின்னால் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த ரப்பர் பால்) சாக்கு இருக்கும், கூடவே அந்த நாற்றமும். தோட்டம் செம்பனையாகி, தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புக்கு வந்தபோதும் வண்டி கூடவே வந்தது. அவருக்கு முட்டிவலி வந்த பிறகுதான் நின்றது. ரோடு டாக்ஸும் அதோடு செத்தது.

150 சிசி வரை உள்ள மோட்டாருக்கு வருட ரோடு டாக்ஸ் 2 வெள்ளி, அதாவது 2 ரிங்கிட். அதைக் கட்டாமல் விட்டதற்கு எனக்கு ஆன செலவை மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

வண்டியை என் பெயருக்கு மாற்றி, சந்தைக்குப் போகவர வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். தனியார் மோட்டாருக்கு வருடாவருடம் பரிசோதனை என்று நம் நாட்டில் ஒன்றும் கிடையாது. பஸ், லோரி, டாக்சிக்குத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதனால் பரிசோதனை என் நினைப்பிலேயே இல்லை. ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் கவுண்டரில் இருந்த அம்மா கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நாலு வருஷமா?" என்றார். முதலில் வண்டியைப் பரிசோதித்து அறிக்கை கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

சரி என்று மோட்டார் பட்டறை முதலாளியிடம், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவரிடம், தள்ளிக்கொண்டு போனேன். சீனர், ஆனால் தமிழ் நம்மைப் போலவே பேசுவார். தோட்டத்து வண்டிகளைப் பார்த்தே வளர்ந்தவர். மூன்று வாரம் எஞ்சினோடு மல்லுக்கட்டினார். பிஸ்டன் ரிங் புதிது, வால்வு சரிபார்த்தது, பாயிண்ட் மாற்றியது, கார்புரேட்டர் கழுவியது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, இனிமே இருபது வருஷம் ஓடும் லா" என்றார். அந்தச் சந்தோஷத்தில் பாடி முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

ரோடு டாக்ஸ் இல்லாத வண்டியை ஓட்டிப் போக முடியாது. கூட்டாளியின் சின்ன லோரியை 80 வெள்ளிக்குப் பேசி, கயிறு கட்டி ஏற்றினோம். காந்தான் சுண்ணாம்பு மலைகளைத் தாண்டி, ஈப்போ பக்கம் இருந்த பரிசோதனை மையத்தில் இறக்கினோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு மண் லோரி, பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன். நடுவில் எங்கள் கப்சாய், மினுமினுவென்று.

பரிசோதிக்க வந்த இளைஞர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஸ்டார்ட் ஆனது. அவ்வளவுதான், அதற்கு மேல் எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. என் மூன்று வாரம் அந்த அரை நிமிஷத்தில் முடிந்துபோனது. டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தவர் சேசிஸ் எண்ணைத் தேட ஆரம்பித்தார். காணோம். வண்டிச் சட்டத்தின் இடப்பக்கம் பொறித்த எண்ணுக்கு மேலேயே பெயிண்ட் ஏறி, பள்ளம் எல்லாம் மூடிப்போயிருந்தது. கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், இருக்கிற எண்ணும் வண்டியில் இருக்கிற எண்ணும் ஒன்று என்று கண்ணால் பார்க்காமல் அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? புதுப் பெயிண்ட் வேறு, சந்தேகத்துக்கு நன்றாகவே இடம் கொடுத்தது.

அடுத்தது பின்பிரேக். மிதித்தார், பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. ஆனால் முன்விளக்கு பளிச்சென்று இருந்தது. ஃபெயில்.

முன்விளக்கு எரியும்போது பிரேக் விளக்கு ஏன் எரியவில்லை என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். தவுக்கே ஒரு வரியில் சொன்னார். இந்த ஆறு வோல்ட் வண்டிகளில் முன்விளக்குக்கு மின்சாரம் எஞ்சின் காயிலிலிருந்து நேரே வருகிறது. எஞ்சின் ஓடினால் போதும், பேட்டரி செத்திருந்தாலும் எரியும். ஹாரனும் பிரேக் விளக்கும் சிக்னலும்தான் பேட்டரியைக் குடிப்பவை. நான் எஞ்சினுக்கு அவ்வளவு செலவழித்துவிட்டு, பழைய பேட்டரியையே சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். அதோடு, பிரேக் மிதியையும் சுவிட்சையும் இணைக்கிற ஸ்பிரிங் துருப்பிடித்து நீண்டுபோயிருந்தது. மிதித்தால் சுவிட்சை இழுக்க வேண்டியது, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. விரல் நீளம்கூட இல்லாத ஸ்பிரிங்.

சேசிஸ் எண்ணை வெளியே கொண்டுவருவதுதான் பெரிய வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது என்று தவுக்கே கையைப் பிடித்துச் சொன்னார். தேய்த்த தடம் தெரிந்தால் எண்ணைத் திருத்தியதாக நினைப்பார்களாம். ராத்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்து, தின்னரில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றி, பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டினேன். அப்பா நாற்காலியைப் போட்டு ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கிராண்ட். முதலில் 'சி' தெரிந்தது. அப்புறம் 70, ஒரு கோடு, பிறகு ஒவ்வொரு எண்ணாக. நான் படிக்கப் படிக்க அவர் கிராண்டைப் பார்த்து, "ம்... சரி... ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார், பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி. எஞ்சின் எண் இடப்பக்கம் அடியில், செயின் கிரீஸுக்கும் பழைய சேற்றுக்கும் கீழே பத்திரமாக இருந்தது. அதைக் கழுவ மண்ணெண்ணெய் போதுமாக இருந்தது.

இரண்டாவது முறை, இன்னொரு 80 வெள்ளி. அதே இளைஞர்தான். எண், விளக்கு, ஹாரன், இரண்டு பக்கக் கண்ணாடி, நம்பர் பட்டை எல்லாம் பார்த்தார். டயர் பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். பாஸ். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

இன்சூரன்ஸ் எடுத்து, இரண்டு வெள்ளியைக் கட்டி, பெயர் மாற்றத்துக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஜேபிஜே போனேன். இரண்டு பேரும் கட்டைவிரலை வைக்க வேண்டும். என்னுடையது உடனே விழுந்தது. அப்பாவுடையது விழவில்லை. முப்பது வருடம் பால் வெட்டும் உளியும் பால் தோம்பும் (வாளி) பிடித்த கை, ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, வேட்டியில் தேய்த்து, ஐந்தாறு முறை வைத்துப் பார்த்தார். கவுண்டர் அம்மா பொறுமையாக, "அழுத்தாதீங்க ஐயா, மெதுவா" என்றார். அதற்குப் பிறகு விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் சவாரி. எண்ணெய் நிலையத்தில் டாங்கி நிறைய ரோன் 95 பெட்ரோல் ஊற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டேன். ரயில் நிலையம் வருவதற்குள் இருமி இருமி நின்றது. வீடு வரைக்கும் தள்ளினேன். பரிசோதனை அறிக்கை சட்டைப்பையில் இருந்தது.

அப்பா ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் சின்னக் கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தார். காப்பித்தூள் மாதிரி துரு. பரிசோதனைக்குப் போனபோது டாங்கியில் ஒரு லிட்டர்கூட இல்லை. நிறைய ஊற்றியதும், நான்கு வருடம் காய்ந்து கிடந்த மேல்பக்கத் துரு எல்லாம் உதிர்ந்து இறங்கியிருக்கிறது.

"இதை அங்க பாக்க மாட்டாங்களா?" என்றார்.

"டாங்கிக்குள்ள எல்லாம் பாக்க மாட்டாங்கப்பா."

கையைத் துடைத்துக்கொண்டு அவரே டயரைத் தடவிப் பார்த்தார். பள்ளம் நிறைய இருந்தது, ஆனால் ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள். பக்கவாட்டில் 1112 என்று நான்கு எண்கள் அச்சாகியிருந்தன, அதாவது 2012-இன் பதினோராவது வாரத்தில் செய்த டயர். இதை எனக்குத் தவுக்கேதான் முன்பு சொல்லிக்கொடுத்தார். நானும் மறந்திருந்தேன்.

டயர் இரண்டையும் அந்த வாரமே மாற்றிவிட்டேன். டாங்கி இன்னும் மாற்றவில்லை. துரு இல்லாத பழைய டாங்கி ஒன்று கிடைத்தால் எடுத்து வைக்கத் தவுக்கேயிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுவது அப்பாவின் வேலை.