எட்டு லட்சம் காட்டும் கடைக்காரர்

சிறு வணிகர்களின் வருமான வரிக் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் என்னிடம் கடைக்காரர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு குறைச்சுக் காட்டலாம் சார்?" என்பதுதான். வரி விகிதங்கள் மாறிய பிறகும் இந்தக் கேள்வி மாறவில்லை. குறைத்துக் காட்டுவதால் இன்று பலருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாவதில்லை. நட்டம் மட்டும் சத்தமில்லாமல் சேர்கிறது.

ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் நடக்கும் ஒரு ஹார்ட்வேர் கடையை எடுத்துக்கொள்வோம். அதில் 80 லட்சம் யூபிஐ, காசோலை வழியாக வங்கிக்கு வந்தது. 40 லட்சம் ரொக்கமாகக் கல்லாவில் விழுந்தது. உத்தேச வருமான முறையில் வங்கி வழி வந்த தொகைக்கு 6 சதவீதமும் ரொக்கத்துக்கு 8 சதவீதமும் லாபமாகக் கொள்ளப்படும்; அதாவது 4.80 லட்சமும் 3.20 லட்சமும் சேர்ந்து 8 லட்சம். விற்றுமுதல் 2 கோடி வரை உள்ளவர்களுக்கும், ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதிருந்தால் 3 கோடி வரை உள்ளவர்களுக்கும் இந்த வசதி உண்டு. (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டாலும், ஆடிட்டர் அலுவலகங்களில் இந்த முறைக்குப் பழைய பிரிவு எண்ணான 44ஏடி என்ற பெயர் அவ்வளவு சீக்கிரம் போகாது.) விரிவான கணக்குப் புத்தகமோ தணிக்கையோ தேவையில்லை என்பதால் எல்லோரும் இதை விரும்புகிறார்கள். ஆனால் 6, 8 என்பவை குறைந்தபட்ச அளவுகள். உண்மையான லாபம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதலைத்தான் காட்ட வேண்டும் என்பதைப் பலர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

நம் ஹார்ட்வேர் கடைக்காரரின் கையில் உண்மையில் நின்றது 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரும் வரி, 60,000 ரூபாய் வரை, முழுவதும் தள்ளுபடியாகிறது. பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானம் இல்லாதவரை, அவர் 8 லட்சம் காட்டினாலும் வரி பூஜ்ஜியம், 12 லட்சம் காட்டினாலும் பூஜ்ஜியம். லாபம் 14 லட்சமாக இருந்தால் வரியின்மேல் விதிக்கப்படும் செஸ்ஸுடன் சேர்த்து 93,600 ரூபாய், அதாவது மாதம் 7,800 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். (12.75 லட்சம் வரை வரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் கவனிக்க: அந்தக் கூடுதல் 75,000 ரூபாய் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் உரியது, கடைக்காரருக்குக் கிடையாது.)

மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருப்பதுபோல் வணிகருக்கு இருப்பது ரிட்டர்ன் எனப்படும் இந்த வருமான வரிக் கணக்கு ஒன்றுதான். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி இரண்டு மூன்று ஆண்டு ரிட்டர்னைப் பார்த்துத்தான் தவணை கட்டும் சக்தியைக் கணக்கிடுகிறது. அங்கே கடையின் கூட்டத்தையும் குடோன் சரக்கையும் காட்டிப் பயனில்லை. டேர்ம் இன்சூரன்ஸ் என்ற ஆயுள் காப்பீட்டை எடுக்கும்போதும் காட்டிய வருமானத்தின் மடங்காகத்தான் காப்புத் தொகை நிர்ணயிக்கப்படுகிறது. சாலை விபத்தில் குடும்பத் தலைவர் இறந்து வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனால், வருமானத்துக்கு முதன்மையான ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படுவதும் இதே ரிட்டர்ன்தான். இல்லாத வரியை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் குறைத்த நான்கு லட்சத்தின் கணக்கு, இப்படிக் குடும்பத்தின் தலையில் வந்து விடிகிறது.

வரி வருகிறவர்கள் மாதாமாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைப்பது நல்லது. உத்தேச முறையில் முன்வரி (நிதியாண்டு முடியும் முன்பே கட்ட வேண்டிய வரி) முழுவதையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிடலாம். தவறினால் வட்டி உண்டு. அந்த நேரத்தில் சரக்குக்குப் பணம் முடங்கிக் கிடப்பது வழக்கம் என்பதால், கல்லாவிலிருந்து எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நம்பியிருக்கக் கூடாது.

இதைவிட முக்கியமானது, தனி உரிமையாளர் கடையில் கடையும் முதலாளியும் சட்டத்தின் பார்வையில் ஒருவரே என்பது. மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கிக்கு அவருடைய வீடும் சேமிப்பும் பதில் சொல்ல வேண்டிவரும். கைமாற்றாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் விழலாம் என்பதும் இந்தச் சுமையோடு சேர்கிறது. ஆனால் சில சேமிப்புகளுக்குப் பாதுகாப்பு உண்டு. பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிச் சேமிப்பை நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் கடன் கொடுத்தவர்கள் ஜப்தி செய்ய முடியாது. வரிப் பாக்கிக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு செல்லாது. ஆயுள் காப்பீட்டுக்கு 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் இருக்கிறது. மணமான ஆண் தன் பெயரில் எடுக்கும் பாலிசியை இந்தச் சட்டத்தின்கீழ் மனைவி, பிள்ளைகளின் நலனுக்கென்று எடுத்தால், அந்தத் தொகை அவர்களுக்குரிய அறக்கட்டளைச் சொத்தாகிவிடும்; கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தில் எடுக்கப்பட்டது என்று நிரூபணமானாலொழிய அதில் கடன் கொடுத்தவர்கள் கை வைக்க முடியாது. இதற்கான படிவத்தை பாலிசிக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்கி நிரப்ப வேண்டும். வெறும் நாமினி பெயர் எழுதுவது இதற்கு ஈடாகாது. பாலிசி கைக்கு வந்த பிறகு இதைச் சேர்க்கவும் வழியில்லை.