இது எந்த ஊர்?

“அம்மா, கண்ணைத் திறங்க. நாம எந்த ஊர்ல இருக்கோம்?”

விடியற்காலை மூன்று மணி. சிஸ்டர் கையில் சின்ன டார்ச்.

“கோத்தகிரி” என்றார் அம்மா.

இருப்பது ஊட்டியில். இரண்டு மணிக்குக் கேட்டபோது சரியாகத்தான் சொன்னார்.

சிஸ்டர் இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கைகளைத் தூக்கச் சொன்னார். பிரஷர் பார்த்தார். உடனே டாக்டருக்கு போன்.

மூளையில் ரத்தக்கசிவு வந்து இன்று ஐந்தாம் நாள். முதல் 24 மணி நேரத்தில்தான் கசிவு பெரிதாகும் பயம் அதிகம். பிரஷரை 140-ஐ ஒட்டியே வைத்திருந்தார்கள். அந்த முதல் நாளைத் தாண்டியதும் நான் நிம்மதியாகிவிட்டேன். ஆனால் அப்புறமும் மூளை வீங்கலாம், உள்ளே நீர் தேங்கலாம், வலிப்பு வரலாம். விழுங்கும்போது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. பெரியம்மா பிளாஸ்கில் கொண்டுவந்த கஞ்சியை, விழுங்க முடிகிறதா என்று சோதிக்கும்வரை ஒரு வாய்கூடக் கொடுக்க விடவில்லை.

ஸ்கேனில் கசிவு கூடவில்லை. ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது; ஊர் பெயர் குழம்பியது அதனால்தான். மருந்து ஏறுகிறது.

முதல் ராத்திரி, “பாவம், தூங்கட்டுமே சிஸ்டர்” என்று கெஞ்சியிருக்கிறேன்.

எங்கள் கிழங்குத் தோட்டத்தில் அப்பாவும் இப்படித்தான். பன்றி வந்தாலும் வராவிட்டாலும், மணிக்கொரு தரம் எழுந்து வரப்போரம் டார்ச் அடித்துவிட்டு வந்து படுப்பார்.

ஏழு மணி ஆகிறது. சிஸ்டர் வருகிறார். இந்த முறை நானே அம்மாவின் தோளைத் தட்டி எழுப்புகிறேன்.